கெரிட் எங்கே கலியாணம் கட்டினவர்?

மேசையில் விரித்த பெரிய தாளின் ஒரு மூலையில் கோப்பிக் கோப்பை. அடுத்த மூலையில் சீனிப் போத்தல். மூன்றாவதில் மூக்குக்கண்ணாடிக் கூடு. நாலாவது மூலைக்கு ஒன்றும் அகப்படாமல், நான் பொரித்துக் கொண்டுபோன ரோல்ஸ் பலகாரப் பெட்டியைத் தூக்கி வைத்தார். அதன் அடியில் எண்ணெய் கசிந்திருக்குமோ என்று குனிந்து பார்த்தேன். ஏனென்றால் அந்தப் பெட்டிக்குக் கீழே கிடந்தது ஒரு குடும்பத்தின் முந்நூறு வருடம்.

"இதுதான் வோல்டெரிங்க் குடும்பம்" என்றார். "தகப்பன், மகன். தகப்பன், மகன். ஒரு இடத்திலும் அறவில்லை."

ஹெர் என்றால் திரு. ஹெர் வோல்டெரிங்க், என் மகள் தர்சிகா கட்டப்போகிற லூக்காஸின் தகப்பன். சரக்கு ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். ஜெர்மனியில் ஹம் நகரத்தின் ஓரத்தில், பின்னால் தோட்டம் வைத்த சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். பெயர் ஒல்லாந்துப் பெயர். அவருடைய தாத்தா எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வேலை தேடி இங்கே வந்தவராம்.

நான் அன்று போனது விட்டுக்கொடுக்க. 'எங்கள் பெயர் வேண்டாம். உங்கள் பெயரே இருக்கட்டும். கலியாணத்துக்கு மட்டும் வந்துவிடுங்கள்.' இந்த மூன்று வசனத்தையும் ஜெர்மன் மொழியில் பஸ்ஸில் பதினைந்து தரமாவது சொல்லிப் பார்த்திருப்பேன். சொல்லுக்கு முன்னால் 'டெர்' வருமா 'டென்' வருமா என்கிற இலக்கணப் பயம் ஒரு பக்கம். அவர் கதவைத் திறப்பாரா என்கிற பயம் மறுபக்கம்.

இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு நான் எதற்கெல்லாம் பயப்படுகிறவள் என்று தெரியும். இந்தக் கிழமைதான் புதிதாக வாசிக்கிறீர்கள் என்றால்: எல்லாவற்றுக்கும்.

மாமாவின் பெயர்

எங்கள் தபால்பெட்டியில் இருக்கிற பெயர் கதிரித்தம்பி. அது என் கணவருடைய தகப்பனின் பெயர். எனக்கு மாமா முறை. நான் அவரைக் கண்டதில்லை. எனக்குக் கலியாணம் நடக்கமுன்னமே, இடம்பெயர்ந்து போன இடத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டார். ஒரு படம்கூடக் கிடையாது. வீடு இருந்த காணியில் இப்போது வீடும் இல்லை.

ஊர் வழக்கப்படி அந்தப் பெயர் ஒரு தலைமுறையோடு முடிந்திருக்கவேண்டும். எங்களுக்கு இரண்டாவது பெயர் தகப்பன் பெயர். மகனுக்கு அவனுடைய தகப்பன் பெயர், பேரனுக்கு அவனுடைய தகப்பன் பெயர் என்று மாறிக்கொண்டே போகும். பெண் கலியாணம் முடித்தால் புருஷன் பெயர். யாருக்கும் அதில் மனவருத்தம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் கணவர் ஜெர்மனிக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் "குடும்பப் பெயர்?" என்று கேட்டிருக்கிறார். இவர் தகப்பன் பெயரைச் சொன்னார். அதோடு கதிரித்தம்பி அசையாமல் நின்றுவிட்டது. பிறகு நான் வந்தேன், எனக்கும் அதுவே. மகள் பிறந்தாள், அவளுக்கும் அதுவே.

எங்கள் பக்கத்தில் மருமகள் மாமாவின் பெயரை வாயால் சொல்லமாட்டாள். என் நிலையை யோசித்துப் பாருங்கள். டாக்டரிடம் போனால் ஒரு தாதி கதவைத் திறந்து "ஃப்ராவ் கதிரித்தம்பி", அதாவது திருமதி கதிரித்தம்பி, என்று சத்தமாகக் கூப்பிடுவாள். மாமாவே பின்னால் நிற்கிறார்போல எழும்பி உடுப்பைச் சரிசெய்வேன். பெயரைச் சொல்லுங்கள் என்றால் அட்டையை நீட்டுவேன். எனக்கு வாய் பேச வராது என்று அந்தத் தாதி கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

ஆனால் ஒன்று. கண்ணால் காணாத ஒரு மனிதரின் பெயரை முப்பது வருடமாகக் கையெழுத்தாக வைத்துவந்தால், அவர்மேல் ஒரு பாசம் வந்துவிடுகிறது. வாடகை ஒப்பந்தம், மகளின் பள்ளிக்கூட அறிக்கை, இவருடைய ஒப்பரேஷன் கடிதம், எல்லாவற்றின் அடியிலும் மாமா இருந்தார்.

சட்டைக் கழுத்தில் பெயர்

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அதனால் புத்தகத்தில் படித்தது கொஞ்சம். ஆனால் ஹம் நகரத்துக் குடும்பப் பெயர்கள் எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியுமோ தெரியாது.

காரணம் என் வேலை. முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற பகுதியில் இருக்கிறேன். அங்கே சேர்கிற ஒவ்வொருவருடைய சட்டைக் கழுத்திலும், காலுறையிலும், பெயர் அச்சடித்த சின்னப் பட்டியைச் சூட்டில் அழுத்தி ஒட்டவேண்டும். மான் என்று முடிகிறது, கம்ப் என்று முடிகிறது, ஸ்கி என்று முடிகிறது. சுரங்க வேலைக்கு வந்த போலந்துக்காரரின் பேரப்பிள்ளைகள் எல்லாரும் என் கையால் போனவர்கள்தான்.

மாறி ஒட்டிவிட்டேனோ என்று வீட்டுக்கு வந்த பிறகும் யோசிப்பேன். ஒரு முறை அப்படி யோசித்து, பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிப் போய்ப் பார்த்தேன். சரியாகத்தான் ஒட்டியிருந்தேன்.

லூக்காஸ் சொன்னது

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடியப்பமும் சொதியும். சாப்பாட்டுக்கு நடுவில் தர்சிகா சொன்னாள்.

"அம்மா, பேர் விஷயம் முடிவெடுத்திட்டம். லூக்காஸ் எங்கட பேரை எடுக்கிறார்."

"எங்கட பேர் எண்டா?"

"அம்மா, தபால்பெட்டியில இருக்கிற பேர்."

என் கணவர் இடியப்பத்தைப் பிசைகிறதை நிறுத்தினார். "பெடியனுக்கு என்ன தலைவிதி? அதை எழுதி முடிக்க அரை நாள் வேணும்."

கலியாணப் பதிவுக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரு பெயரைத் தெரிந்தெடுத்து எழுதிக் கொடுக்கலாம். ஆணின் பெயராகவும் இருக்கலாம், பெண்ணின் பெயராகவும் இருக்கலாம். இங்கே சட்டம் அப்படி. ஆனால் ஆண் மாற்றிக்கொள்வதை நான் கண்டதில்லை.

லூக்காஸ் தன்னுடைய அமைதியான ஜெர்மனில் விளக்கினான். "வோல்டெரிங்க் நிறையப் பேர் இருக்கிறார்கள். கதிரித்தம்பி இந்த நகரத்தில் ஒரே ஒரு தபால்பெட்டியில்தான் இருக்கிறது. நான் தேடிப் பார்த்தேன்."

இவர் எழும்பிக் கை கழுவப் போனார். குழாய் கனநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்: "ஊரில இருந்திருந்தா அப்பாவின்ர பேர் எப்பவோ போயிருக்கும். ஒரு அதிகாரி எழுதினதால தப்பினது. விடும், பெடியன்ர தகப்பன் பாவம்."

வாய் அப்படிச் சொன்னது. குழாய் ஓடினதை நானல்லவா கேட்டேன்.

லூக்காஸின் தகப்பனுக்கு விஷயம் போனது. அவர் சத்தம் போடவில்லை. அந்தப் பெயரை விடுகிற இடத்துக்குத் தன்னால் வர முடியாது என்றாராம். "அன்றைக்கு எனக்குத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு கிண்ட இருக்கிறது" என்றாராம். ஸ்டாண்டஸ்அம்ட், அதுதான் கலியாணம் பதிகிற அலுவலகம், அங்கே எங்களுக்குக் குறித்துக் கொடுத்த நாளுக்கு, டெர்மினுக்கு, இன்னும் நாலு கிழமை இருந்தது. இத்தனை நாளுக்கு முன்னமே கிழங்கு கிண்டுகிற நாளை யார் தீர்மானிக்கிறார்கள்?

எனக்கு நித்திரை போய்விட்டது. மாமியார் இல்லாத வீட்டில் மாமனாரும் முகத்தைத் திருப்பினால் என் பிள்ளை எப்படி வாழும்? எங்கள் பக்கத்துப் பெயரால் அல்லவா இந்த வினை? ஒருவருக்கும் சொல்லாமல் ரோல்ஸ் சுட்டேன். பஸ் ஏறினேன்.

பென்சிலால் எழுதின பெண்கள்

இனி அந்த மேசைக்கு வருகிறேன்.

தாளில் ஆண்கள் எல்லாரும் கறுப்பு மையில், பெரிய எழுத்தில். பெண்கள் பக்கத்தில் பென்சிலால், முதற்பெயர் மட்டும். அடியில் லூக்காஸ். மேலே போகப்போக எனக்கு வாயில் நுழையாத பெயர்கள். ஆகக் கடைசி மேலே கெரிட். அவன் பக்கத்தில் பென்சிலில் ஆல்ச்சே. கெரிட்டின் தலைக்கு மேலே ஒரு கேள்விக்குறி.

"ஆறு வருடம் தேடிவிட்டேன்" என்றார் ஹெர் வோல்டெரிங்க். "எல்லாம் இந்தக் கணினியில், நானே. ஒருவரையும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் பிறந்த வோல்டெரிங்க் பிள்ளைகள் அத்தனை பேரையும் பார்த்துவிட்டேன். கெரிட் மட்டும் இல்லை. வானத்திலிருந்து விழுந்தவன்போல வந்து நிற்கிறான்."

நான் பாடமாக்கிய வசனம் தொண்டைக்கு வந்து நின்றது. அதைச் சொல்லமுன் மரியாதைக்கு எதையாவது கேட்கவேண்டுமே. யாழ்ப்பாணத்தில் ஒரு ஆளைப் பற்றிப் பேச்சு வந்தால் என்ன கேட்போமோ, அது என்னை அறியாமல் வாயில் வந்தது.

"கெரிட் எங்கே கலியாணம் கட்டினவர்?"

"என்ன?"

"யாருடைய வீட்டுக்குப் போனவர்? இந்த ஆல்ச்சே யாருடைய மகள்?"

"ஆல்ச்சே அவனுடைய மனைவி."

"ஓம், தெரிகிறது. யாருடைய மகள்?"

"அது இதற்குத் தேவையில்லை."

"எங்கள் ஊரில் அதுதான் முதல் கேள்வி" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஆனால் தொடங்கியாயிற்று. எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அங்கேதான் போய் இருப்பார் என்று விளக்கினேன். கொக்குவிலில் பிறந்தவர் கோண்டாவிலில் கட்டினால் சாகும்வரை கோண்டாவில் ஆள்தான். அவரைக் கொக்குவிலில் போய்த் தேடினால் அகப்படுவாரா? கோண்டாவில் ஆள் எங்கே பிறந்தவர் என்று கோண்டாவிலில் தேடினாலும் அகப்படமாட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். பெட்டியைக் கையில் தூக்கித் திறந்து ஒரு ரோல்ஸ் எடுத்தார். தாளின் அந்த மூலை சுருண்டு கெரிட்டை மூடியது.

"உறைப்பு" என்றார். இன்னொன்று எடுத்தார். அதையும் முடித்துவிட்டு, "யாருடைய மகள் என்று எனக்குத் தெரியாது" என்றார்.

தெரியாது என்று அந்த மனிதர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

திரும்பி வருகிறபோது, பஸ் பாதி தூரம் வந்த பிறகுதான் நினைவு வந்தது. போன காரியத்தை நான் சொல்லவே இல்லை.

வீட்டில் இவர் சிரித்த சிரிப்பு. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில் யாருடைய காணி, யாருடைய பிள்ளை என்று எழுதி வைத்த பெரிய பதிவேட்டுக்குத் தோம்பு என்று பெயர். பழைய காணி உறுதிகளில் அந்தச் சொல் இருக்கும்.

"அவங்கள் கப்பல் ஏறி வந்து எங்கட பேரைத் தோம்பில எழுதினவங்கள்" என்றார். "இப்ப நீர் பஸ் ஏறிப் போய் அவங்கட தோம்பைத் திருத்திறீர்."

"பகிடி விடாதேங்கோ. நான் போன அலுவல் பிழைச்சுப்போச்சு."

"ஆர் சொன்னது?"

எல்லைக்கு அந்தப் பக்கம்

இரண்டு நாள் கழித்து ஹெர் வோல்டெரிங்க் தொலைபேசி எடுத்தார். சனி அல்ல, வேலை நாளில் போகவேண்டும், ஒல்லாந்தில் பழைய பதிவுகள் இருக்கிற ஆர்க்கிவ் அப்போதுதான் திறந்திருக்கும் என்றார். லூக்காஸ் கார் ஓட்டுவான் என்றார். பிறகு, "நீங்களும் வரவேண்டும். கேள்வி உங்களுடையது" என்றார்.

நான் கடவுச்சீட்டு, காப்புறுதி அட்டை, கலியாணப் பத்திரம், தடுப்பூசிப் புத்தகம் எல்லாம் கோப்பில் போட்டுக்கொண்டு போனேன். எல்லை எங்கே என்று கேட்டேன். லூக்காஸ் சொன்னான், பத்து நிமிடத்துக்கு முன்னால் தாண்டிவிட்டோம் என்று.

கெரிட்டின் ஊர் ஆர்க்கிவ் ஒரு நூலகம்போல இருந்தது. ஈரக் கோட்டும் பழைய கடுதாசியும் கலந்த வாசனை. நரைத்த கட்டைத் தலைமயிரோடு, ஜெர்மனும் பேசத் தெரிந்த ஒரு அம்மா வந்தார். ஹெர் வோல்டெரிங்க் தொண்டையைச் செருமி, நான் கேட்ட கேள்வியை அப்படியே கேட்டார். கெரிட் யாருடைய வீட்டில் கலியாணம் கட்டினான்?

அந்த அம்மா ஆச்சரியப்படவே இல்லை. தேவாலயக் கலியாணப் பதிவின் பிரதியை எடுத்து, விரலால் கீழே கீழே போய், ஒரு வரியில் நிறுத்தினார்.

கெரிட், யான் லென்சிங்க் என்பவரின் மகன். ஆல்ச்சே, வோல்டெரிங்க் பண்ணை ஹென்ட்ரிக்கின் மகள்.

ஹெர் வோல்டெரிங்க் மூன்று தரம் வாசித்தார். 

"அப்படியென்றால் கெரிட் வோல்டெரிங்க் இல்லையா?"

"பிறக்கும்போது லென்சிங்க்" என்றார் அந்த அம்மா. "ஆல்ச்சேயின் பண்ணைக்கு மாப்பிள்ளையாகப் போனான். போன நாளிலிருந்து வோல்டெரிங்க். இந்தப் பக்கத்தில் பெயர் நிலத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. யார் அந்தப் பண்ணையில் போய் இருந்தாலும் பண்ணையின் பெயர்தான் அவருக்கு. இங்கே எல்லாருக்கும் இது தெரியும்."

"எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை?"

"நீங்கள் ஒருவரையும் கேட்கவில்லையே."

லூக்காஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

அந்த அம்மாவுக்கு நேரம் இருந்தது. இன்னும் சொன்னார். ஆக முதலில் வோல்டர் என்று ஒரு மனிதன் இருந்திருப்பான், வோல்டெரிங்க் என்றால் வோல்டரின் ஆட்கள் இருக்கிற இடம். பிறகு பிரெஞ்சுக்காரர் வந்து ஆண்டபோது, எல்லாரும் ஒரு குடும்பப் பெயரைப் பதிந்துகொள்ளவேண்டும், இனிமேல் மாற்றக்கூடாது என்று கட்டளை வந்ததாம். அன்றைக்கு யார் எந்தப் பண்ணையில் இருந்தார்களோ அந்தப் பெயரோடு பெரும்பாலும் நின்றுவிட்டார்கள்.

 இவ்வளவு பெரிய பெயருக்கும் அடியில் இருப்பது யாரோ ஒருவருடைய தகப்பன். அதையும் யாரோ ஒரு அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து எழுதி நிறுத்தியிருக்கிறார். மாமாவை நிறுத்தின மாதிரி.

தாளில் பென்சிலால் இருந்த அந்தப் பெண்தான் முந்நூறு வருடப் பெயரைத் தூக்கிக்கொண்டு வந்தவள். அதைக் கண்டுபிடித்தது எட்டாம் வகுப்புக்காரி. இதை நான் வெட்கப்படாமல் எழுதுகிறேன். ஒரு மனிசிக்கு வாழ்க்கையில் இப்படி எத்தனை நாள் வரப்போகிறது?

கோப்பிக் கடையில்

பெருமை பத்து நிமிடம்தான் நின்றது. காரில் ஹெர் வோல்டெரிங்க் வெளியே பார்த்தபடியே வந்தார். வயல், மாடு, வயல், மாடு. பின்னால் இருந்து அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வயதான மனிதரின் ஆறு வருட ஆசையை ஒரு கேள்வியால் உடைத்துவிட்டேனே, இரத்த அழுத்தம் ஏதும் இருக்குமோ, மாத்திரை எடுத்தாரோ என்றெல்லாம் ஓடியது.

பெற்றோல் நிலையத்துக் கோப்பிக் கடையில் இறங்கினோம். அவர் கோப்பையை வைத்துவிட்டு லூக்காஸைக் கேட்டார்.

"கெரிட் பெயர் மாற்றப்போகிறேன் என்றபோது அவனுடைய தகப்பன் என்ன சொல்லியிருப்பார்?"

"உருளைக்கிழங்கு கிண்டப் போயிருப்பார்" என்றான் லூக்காஸ்.

 இப்படியா ஒரு பிள்ளை தகப்பனிடம் பேசுவது?

ஹெர் வோல்டெரிங்க் முதலில் மூக்கால் சிரித்தார். பிறகு வாயால். பிறகு பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஃப்ராவ் கதிரித்தம்பி, பெண் வீட்டுப் பெயரை எடுப்பது எங்கள் குடும்பத்தில் முந்நூறு வருட வழக்கம். அதை உடைக்க நான் யார்?"

நான் பஸ்ஸில் பாடமாக்கிய மூன்று வசனத்தையும் அந்த இடத்திலேயே மறந்துவிட்டேன். இன்றுவரை அது 'டெர்' தானா 'டென்' தானா தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை

டெர்மின் பதினொரு மணிக்கு. நாங்கள் ஒன்பதரைக்கே போய்விட்டோம். பூட்டின கதவுக்கு முன்னால் பட்டுச் சேலையோடு நின்றேன். "அலுவலகம் ஓடிப்போகாது" என்றார் இவர். வேஷ்டி கட்டியிருந்தார். அவரும் நிமிடத்துக்கு ஒரு தரம் மணிக்கூட்டைப் பார்த்ததை நான் கண்டேன், சொல்லவில்லை.

பத்தே முக்காலுக்கும் ஹெர் வோல்டெரிங்க் வரவில்லை. மனம் மாறிவிட்டாரா? பஸ் தவறிவிட்டதா? நான் வாசலுக்கும் மண்டபத்துக்கும் ஏழு தரம் நடந்தேன். எட்டாவது தரம் நடக்கிறபோது வந்தார். சாம்பல் நிறக் கோட்டு சூட்டு, சட்டைப் பையில் சிவப்புப் பூ. சவரம் செய்த இடத்தில் ஒரு கீறல்.

"சாட்சிக்குக் கையெழுத்து வைக்கிறவன் நான்" என்றார். "நான் இல்லாமல் தொடங்கிவிடுவார்களா?"

பதிவாளர் அம்மா சட்டத்தை வாசித்தார். பெயரைப் பற்றிக் கேட்டார். லூக்காஸ் ஓம் என்றான், தமிழில். தர்சிகா சிரித்துவிட்டாள். அவன் பேனையை எடுத்துப் புதுப் பெயரை முதல் தடவையாக எழுதினான். கோடு போதவில்லை. கடைசி நாலு எழுத்து ஓரத்தால் மேலே ஏறிப் போனது. பதிவாளர் பார்த்துவிட்டு, செல்லும் என்றார்.

என் கணவர் முன்னால் குனிந்து அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். அப்பா என்றோ வேறு ஏதோ முணுமுணுத்தார். என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இரண்டு பேரும் அழுதிருப்போம். என் கண் மை வேறு புதுசு.

ஹெர் வோல்டெரிங்க் சாட்சிக் கோட்டில் தன் பெயரை நிதானமாக எழுதினார். பிறகு போய்த் தன் கதிரையில் இருந்துகொண்டார்.

"இப்போது கதிரித்தம்பி குடும்பம் படத்துக்கு முன்னால் வரலாம்" என்றார் பதிவாளர்.

நாங்கள் நாலு பேரும் எழும்பிப் போனோம். நின்று திரும்பினால், அவர் அங்கேயே இருக்கிறார், கையை மடியில் வைத்துக்கொண்டு. அவருடைய மகன் இங்கே நிற்கிறான், வேறு பெயரில்.

என் கணவருக்கு ஜெர்மன் நன்றாக வரும். ஆனால் அந்த நேரம் வந்தது தமிழ்தான்.

"என்ன சம்பந்தி, அங்க இருக்கிறீங்கள்? இஞ்ச வாங்கோ."

அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. எழும்பிக் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நேராக வந்தார். நான் ஒதுங்கி இடம் விட்டேன். அவர் எனக்கும் இவருக்கும் நடுவில் வந்து, தோளை நிமிர்த்தி, கமெராவைப் பார்த்தார். படம் பிடித்தவர் எல்லாரையும் இன்னும் கொஞ்சம் நெருங்கச் சொன்னார். நெருங்கினோம்.